பன்னிரண்டு புள்ளி ஆறு

படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே நின்ற கார் தொடர்ந்து மூன்று நாள் ஸ்டார்ட் ஆகாமல் போனதும், யாரோ அதன் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கிறார்கள் என்று செல்வநாயகம் முடிவு செய்தார். மெக்கானிக் யூசுப் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "வண்டியில எங்கயும் கரண்ட் ஒழுகல சார். பேட்டரியும் புதுசு" என்றான். அவனையும் அவர் நம்பவில்லை. அன்று சாயங்காலம் பேட்டரியைக் கழற்றி, முழுக்க சார்ஜ் ஏற்றினார். மீட்டரில் பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட். துண்டில் சுற்றிக் கட்டிலோரம் வைத்து, அதன்மேல் கையைப் போட்டபடி தூங்கினார். காலையில் மீட்டர் வைத்தால் பதினொரு வோல்ட்கூட இல்லை. அறையில் இருந்த இன்னொரு ஆள் மனைவி கோமதிதான். இரண்டு நாள் சாப்பிடும்போதெல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, நான் குடிச்சிட்டேங்கிறீங்களா?" என்றாள் அவள். "ஒரு வாரம் நீங்க கிட்டயே வராம இருங்க, பார்ப்போம்." பேட்டரிக்கு மறுபடி சார்ஜ் ஏற்றித் தன் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

எட்டாம் நாள் மூவரும் அங்கே போனார்கள். யூசுப் மீட்டர் வைத்தான். பன்னிரண்டு புள்ளி ஆறு. அவன் ஒயர்களை மெதுவாகச் சுற்றிக்கொண்டே கேட்டான், "சார் வாட்ச் கட்டறதில்லையா?"

"கட்டினா நின்னுடுது" என்றார் செல்வநாயகம்.

வீட்டுக்கு வந்ததும் கோமதி தன் செல்போனைச் சமையலறையில் சார்ஜ் போட்டாள். கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, தன் தலையணையையும் அங்கே எடுத்துப் போனாள்.