தகட்டுக்குக் கீழே ஒரு கை

தம்பியின் வலது கை தகட்டுக்குக் கீழே இருந்தது. தகட்டுக்கு மேலே அண்ணன் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

அழைப்பிதழில் தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது வேறு: ‘தீக்குக் கீழே நிறுவனரின் கை.’

நிறுவனர் அண்ணன். தம்பி அவருடைய கம்பெனியில் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவன்.

மேடையேறிய பிறகுதான் அண்ணன் மைக்கில் கேட்டார்: “என் கை வேற, என் தம்பி கை வேறயா?”

எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணி போனைத் தூக்கிப் படம்பிடித்தாள். முன்வரிசையில் விமான உதிரிபாகம் வாங்க வந்த ஆறு பேரில் ஒருவர் மட்டும், “அப்ப ஒப்பந்தத்துல கையெழுத்தும் தம்பிதான் போடுவாரா?” என்றார். எல்லோரையும்விட அண்ணன்தான் பலமாகச் சிரித்தார்.

தகடு சாப்பாட்டுத் தட்டு அகலம், விரல் தடிமன், கன்னங்கரேல். இரண்டு செங்கல்மேல் உட்கார்ந்திருந்தது.

முப்பரிமாண அச்சு எந்திரம் பிசினை இழை இழையாகப் பிழிந்து அடுக்கடுக்காகத் தகட்டைக் கட்டியது. ஆனால் எந்திரத்திலிருந்து இறங்கும்போது அது பச்சை. இருபத்திரண்டு மணி நேரம் அடுப்பில் வைத்து, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வேகவைக்க வேண்டும். வெந்து இறுகிவிட்டால் பிறகு தீயைக் காட்டினாலும் இளகாது, சூடும் கீழே இறங்காது. வேகாவிட்டால் தார் போலச் சொட்டும்.

இந்தத் தடவை எந்திரம் இரண்டு நாள் அடைத்துக்கொண்டது. அடுப்புக்கு மிஞ்சியது ஐந்து மணி நேரம்.

“வேகாதுண்ணே. சூடு பட்டா கையில சொட்டும்,” என்று தம்பி நேற்றே சொன்னான்.

“கறுப்பா இருக்குல்ல? வந்தவன் என்ன கடிச்சா பாக்கப்போறான்? எடுத்து வைடா, அரைவேக்காடு.”

அண்ணன் முனைவர் பட்டம் வாங்கியவர். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டால், அன்றைக்குப் போர்த்திய சால்வையின் நிறத்தைச் சொல்வார்.

டார்ச் நீலமாகச் சீறியது.

அறுபது வரை எண்ணும்படி அண்ணன் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டார். பத்து வரை உற்சாகமாக எண்ணியவர்களுக்கு இருபதில் குரல் இறங்கிவிட்டது. அண்ணன் எண்ணவில்லை. தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பதில், டார்ச்சைப் பிடித்த கையை மட்டும் நீட்டிக்கொண்டு அரை அடி பின்னால் நகர்ந்தார். கோட்டு புதுசு.

அறுபது.

தம்பி கையை வெளியே எடுத்து, விரல்களை விரித்துக் காட்டினான். ஒரு சிவப்புகூட இல்லை.

கூடமே எழுந்து நின்றது. அண்ணனுக்குத்தான் டார்ச்சை அணைக்கத் தோன்றக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு தம்பியைக் கட்டிப்பிடித்து, காதோரம் கேட்டார்: “எப்படிடா?”

“அது போன மாசத் தகடுண்ணே. மூலை வளைஞ்சிருக்குன்னு கழிச்சுப் போட்டீங்களே, முழுசா வெந்தது. காலையில தேய்ச்சு நேராக்கி மாத்தி வச்சேன். உங்க கையாச்சே, பயந்துட்டேன்.”

அண்ணன் முதுகில் தட்டிக்கொடுத்தார். வியர்க்கிறதென்று கோட்டைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டு, முன்வரிசைக்காரர்களோடு போட்டோவுக்கு நிற்கப் போனார்.

கோட்டின் உள்பையில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. கோட்டு கசங்காமல் இருக்கட்டுமென்று தம்பி எடுத்துப் பார்த்தான்.

தீக்காயக் களிம்பு. இன்னும் திறக்காத புது டியூப். அதைச் சுற்றி, கணினியில் அடித்த ஒரு தாள்.

‘பெரியோர்களே, என் உடன்பிறந்தவனின் கவனக்குறைவை மன்னித்தருளுங்கள். நான் எவ்வளவோ சொல்லியும் கேளாமல் அடுப்பைப் பாதியிலேயே அணைத்துவிட்டான். அவன் கைக்கு இனி நானே பொறுப்பு. அடுத்த மாதம் இதே மேடையில் எங்களுக்கு இன்னொரு வாய்ப்பு தாருங்கள்.’

‘நானே பொறுப்பு’ என்ற இடத்துக்குப் பக்கத்தில், அண்ணனின் கையெழுத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு இருந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, கண்ணைத் துடைக்கவும்.