சத்தம் போடாத பைக்

அது கப்பலில், பெட்டிக்குள் அடைபட்டு வந்த மலிவான வெளிநாட்டு பைக். எஸ்தர் அதை வாங்கி வந்த அன்றே, "இதெல்லாம் எத்தனை நாளைக்கு ஓடும்?" என்று தெருவே சிரித்தது. அதனால் முன்சக்கர நட்டு கழன்றுகொண்டே வந்தபோதும் பைக் மூச்சுவிடவில்லை. முனகினால் காயலான் கடைதான் என்று அதற்குப் பயம்.

கொட்டகையில் குடியிருந்த கோழி ஒருநாள் ஆடும் சக்கரத்தைப் பார்த்துவிட்டது.

"நாளைக்கு மலையிறக்கத்துல அவளைக் கீழே தள்ளப் போறியா?"

"சொன்னா என்னைத் தூக்கிப் போட்டுடுவா, அக்கா."

"சொல்லாட்டி அவளே இருக்க மாட்டாளே!"

பைக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுநாள் காலை எஸ்தர் ஏறி நகர்த்தியதுமே, வெட்கத்தை விட்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கடகடவென்று கத்தியது.

அவள் பதறி இறங்கினாள். சக்கரத்தை ஆட்டிப் பார்த்ததும் முகம் வெளிறியது. உள்ளே ஓடி ஸ்பானரோடு வந்தவள், மண்ணிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து நட்டை இறுக முறுக்கினாள்.

"நல்லவேளை, இப்பவாவது சொன்னியே!" என்று டேங்கைத் தடவிக்கொடுத்தாள். "வேற எங்கயாச்சும் வலிக்குதா?"

பைக் இத்தனை நாள் அடக்கிவைத்திருந்த கிறீச்சையும் முனகலையும் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியது. மதியம் வரை அவள் எழுந்திருக்கவே இல்லை.