இந்த முனையில் கீரைப்பட்டி ரோடு

மாமனார் வீட்டுக்கு இன்னும் நாலு கடைதான். அவனுக்குத்தான் வண்டியைக் கிளப்ப மனம் வரவில்லை.

நல்லமங்கலத்து முக்கில், டீக்கடை வாசலில், காலை ஊன்றியபடி நின்றான்.

அவளிடம் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று. தீப்பெட்டி ஆபீஸைத் தாண்டும்போது நன்றாகத்தான் வந்தது. கண்மாய் வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கிப் புழுதி குடித்ததில் பாதி மறந்துவிட்டது.

அந்த வளைவே ஒரு வேடிக்கை. பருத்தி வண்டிக் காலத்தில் மாடுகள் தண்ணீருக்காகக் கண்மாயைச் சுற்றிப் போயின. பின்னால் வந்தவர்கள் அதே தடத்தில் சரளை கொட்டினார்கள், தார் ஊற்றினார்கள், மாநில நெடுஞ்சாலை என்று எண் எழுதிய பலகையும் நட்டார்கள். மாடு போட்ட வளைவை மட்டும் யாரும் நிமிர்த்தவில்லை.

அந்த எண்ணையும் யாரும் சொல்வதில்லை. போகிற ஊரின் பெயர்தானே ரோட்டுக்கு. அவனுடைய கீரைப்பட்டியில் அது நல்லமங்கலம் ரோடு.

அவள் மட்டும் கீரைப்பட்டியில் இருந்துகொண்டே அதைக் கீரைப்பட்டி ரோடு என்பாள். நல்லமங்கலத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியும் வாய் மாறவில்லை. கேட்டால், இந்த ரோடுதானே என்னைக் கீரைப்பட்டிக்குக் கொண்டுவந்து விட்டது, வேறென்ன சொல்வது என்பாள்.

அவள் கொடுத்த முகவரியை நம்பி, கீரைப்பட்டிக்குள் கீரைப்பட்டி ரோட்டைத் தேடி, போன வாரம் கூரியர்காரர் ஒருவர் ஊரையே சுற்றிவிட்டார். வேர்த்து விறுவிறுத்து வாசலில் வந்து நின்றவர் முன்னால் அவன் சிரித்தான். அதோடு விட்டிருக்கலாம்.

"சோறு திங்கிறது இங்க. மனசு மட்டும் இன்னும் அங்கதான் கெடக்கு."



மறுநாள் அவள் நல்லமங்கலத்துக்கு முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு போனும் எடுக்கவில்லை.

டீக்கடைக்காரர் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அவன் ஒரு டீ சொல்லிவிட்டுத் தலையைத் தூக்கினான். மேலே பச்சைப் பலகை.

கீரைப்பட்டி 31.

எத்தனையோ தடவை இந்தப் பக்கம் வந்திருக்கிறான். இன்றுதான் வாசித்தான்.

வாசிக்க ஆரம்பித்தால் எங்கும் அதுதான். மளிகைக் கடைப் பலகையில் கீரைப்பட்டி ரோடு. சைக்கிள் கடையில் கீரைப்பட்டி ரோடு. அவள் படித்த பள்ளிக்கூடத்துச் சுவரிலும் பெரிய எழுத்தில் கீரைப்பட்டி ரோடு.

அவனைக் கண்ணால் பார்ப்பதற்கு எத்தனையோ வருடம் முன்பே, வீடு எங்கே என்று டீச்சர் கேட்டால், இரட்டைச் சடையோடு எழுந்து நின்று அவன் ஊர்ப் பெயரைத்தான் சொல்லியிருக்கிறாள்.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவளை இப்போதே பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

டீ வருவதற்குள் போன் அடித்தது. அவள்தான்.

சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா முறுக்கு கொடுத்துவிட்டிருக்கிறாள், பை கனக்கிறது, வண்டியை எடுத்துக்கொண்டு வரவேண்டும். அவ்வளவுதான்.

எங்கே நிற்கிறாய் என்று கேட்டான். பார்வை தானாக மாமனார் வீட்டுப் பக்கம் போயிற்று.

"நல்லமங்கலம் ரோட்டு முக்குலதான். இப்பதான் பஸ் எறக்கிவிட்டுட்டுப் போகுது."

அவன் நாலு பக்கமும் பார்த்தான்.

நல்லமங்கலத்தில் அப்படி ஒரு ரோடு கிடையாது.

கண்மாய் வளைவில் எதிரே வந்த பஸ் ஞாபகத்துக்கு வந்தது.

டீக்கடைக்காரர் டம்ளரை நீட்டினார். அவன் காசை மட்டும் கொடுத்தான்.

"அங்கனயே நில்லு. ரெண்டு நிமிசத்துல வந்துர்றேன்."

வண்டியைக் கீரைப்பட்டி ரோட்டில் திருப்பினான்.