நாலு விரல்

“எல்லாரும் சாட்சி. நான் இருக்கேன், அக்கா இருக்கா, மெக்கானிக் இருக்கார், மாமா இருக்கார். இந்த நாலு பேர் முன்னாடி சொல்றேன். இன்னிக்கு மாமா வண்டி கல்குவாரி மேட்டுல ஏறிட்டா, நான் மீசையை எடுத்துடறேன்” என்றான் மைத்துனன்.

“அந்த மீசையை எடுக்க மேடு எதுக்கு? பலமா தும்மினாலே உதிர்ந்துடும்” என்றார் டெய்லர் மாஸ்டர்.

மாஸ்டர் வீட்டம்மா சிரித்தார்.

ஷெட்டுக்குள் நின்றது அந்தப் பழைய பிக்கப் வண்டி. துணி மூட்டை ஏற்றத்தான் வாங்கியது. பிறகு மாஸ்டருக்கு மேடு பள்ளத்தில் ஆசை வந்தது. வருடத்துக்கு ஒரு சாமான் ஏறியது. முதலில், கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர். அடுத்து, சேற்றில் சிக்கினால் வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொள்ள முன்பக்கம் ஒரு வின்ச். அப்புறம் அடிவயிற்றுக்கு இரும்புத் தகடு. நேற்று மாலை கடைசியாக, இதே ஷெட்டுக்குள் வைத்து, வண்டியைத் தூக்கி நிறுத்தும் உயரமான ஸ்பிரிங். அது மட்டும் கல்யாண நாள் பரிசாக வீட்டம்மா ஆர்டர் கொடுத்தது.

“எங்கக்காவுக்குக்கூட நீங்க இவ்வளவு நகை போட்டதில்லை மாமா.”

“உங்கக்கா கேக்கலை. வண்டி கேட்டுது.”

“நான் கேட்டதும் உண்டு. இவர் காதுல வண்டி கேக்கறது மட்டும்தான் விழும்” என்றார் வீட்டம்மா.

வாய் கேலி பேசினாலும் அவர் கண் மாஸ்டரின் கழுத்தை விட்டு நகரவில்லை. நாற்பது வருடம் மெஷின் மேல் குனிந்த கழுத்து. மூன்று மாதத்துக்கு முன் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, “எலும்பு தேய்ஞ்சிருக்கு. பெரிய குலுக்கல் ஒண்ணு போதும், கை விளங்காம போயிடும்” என்றார். வெளியே வந்ததும் மாஸ்டர், “இது நமக்குள்ள இருக்கட்டும்” என்றார்.

அதற்குள், பழைய வண்டிகள் மேடேறும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. தெரு முழுக்கச் சொல்லியும் ஆகிவிட்டது. வியாழன் என்று சொன்னால் வியாழன் அன்று சட்டையைக் கையில் கொடுக்கிற குடும்பம் அது. கொடுத்த சொல்லைத் திரும்ப வாங்கியதில்லை. வீட்டம்மா இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். இரண்டு முறையும் ஒரே பதில்: “சொல்லிட்டேன்ல.”

“ஒன்பதுக்குள்ள அங்க நிக்கணும், மாஸ்டர்” என்றார் மெக்கானிக்.

மாஸ்டர் ஏறி உட்கார்ந்து, வண்டியைப் பின்னால் எடுத்தார். பின்பாதி வெளியே வந்தது. அப்புறம் டங்கென்று ஒரு சத்தம். வண்டி நின்றது.

மெக்கானிக் ஸ்டூல் போட்டு ஏறி, வண்டிக் கூரையையும் ஷெட் வாசலின் மேல் விட்டத்தையும் பார்த்தார்.

“இடிக்குது மாஸ்டர்.”

“எவ்வளவு?”

“நாலு விரல்.”

“டயர்ல காத்தை இறக்கினா?” என்றான் மைத்துனன்.

“ரெண்டு விரல் கிடைக்கும்.”

“நான் பின்னாடி ஏறி உக்காந்தா?”

“புது ஸ்பிரிங்கு. யானை உக்காந்தாதான் அசையும். கழட்டி மாத்தணும்னா சாயங்காலம் ஆயிடும்.”

மைத்துனன் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான். “ஊருக்கே அளவெடுத்த மனுஷன் சொந்த வண்டிக்கு அளவெடுக்கலையே. மாமா, வாசலைக் கொஞ்சம் ஆல்டர் பண்ணிடலாமா? ரெண்டு பக்கமும் தையலைப் பிரிச்சா போதும்.” பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பினான். “நீங்களாவது பாத்திருக்கக் கூடாதா?”

“அளவு நான் பாத்துக்கறேன், நீ மாட்டுன்னாரு. மாஸ்டரே சொன்னப்புறம் நான் டேப்பை எடுத்தா நல்லா இருக்குமா?”

மாஸ்டர் மெதுவாக இறங்கினார். காலரைச் சரிசெய்துகொண்டார். “அடுத்த வருஷம் பாக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. மூன்று தலைமுறையாகத் தப்பாத அளவு தப்பிவிட்டதாம். எதிர்வீட்டுக்காரர் வந்து, “மாஸ்டர், எனக்குத் தைக்கிற பேன்ட் என் வீட்டு வாசல்ல நுழையுமில்ல?” என்று கேட்டுவிட்டுப் போனார். மாஸ்டர் தலை நிமிராமல் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. இந்த மனிதரைப் பார்த்து வேறு எதற்காகச் சிரித்திருந்தாலும் பொறுத்திருப்பார். அளவுக்காகச் சிரித்தால் எப்படி?

எல்லாரும் கலைந்த பிறகு, வீட்டம்மா கையில் ஈரத்துணியோடு ஷெட்டுக்குப் போனார். ஸ்டூலில் ஏறினார். விட்டத்தின் உள்பக்கத்தில், அடியிலிருந்து நாலு விரல் மேலே ஒரு பென்சில் கோடு இருந்தது. வண்டியையும் வாசலையும் அளந்து, எந்த ஸ்பிரிங் போட்டால் கூரை எதுவரை வரும் என்று கணக்குப் பார்த்து வீட்டம்மா போட்ட கோடு. அதற்குப் பிறகுதான் ஆர்டர் கொடுத்தார்.

துடைக்கப் போன கை நின்றது.

பென்சில் கோட்டின் மேலேயே, முடி பிசகாமல், நீலத் தையல் சாக்பீஸில் இன்னொரு கோடு. பக்கத்தில் மாஸ்டரின் கையெழுத்தில் தேதி. ஸ்பிரிங் மாட்டுவதற்கு இரண்டு நாள் முந்தைய தேதி.

டெய்லர் மாஸ்டர் அளவு தப்பினார் என்று இன்றும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். அந்த வாசலை ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் இரண்டு பேர் அளந்தார்கள். இருவருக்கும் அதே நாலு விரல்தான் வந்தது.