கிளியின் டிக்கி

"இது டிக்கியா, பழைய இரும்புக் கடையா?" என்று கேட்டான் பால்தொமேரோ. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நெரெய்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பச்சைக் காரின் டிக்கிக்குள் தலையை விட்டபடி, ஜாக்கியைக் கந்தல் துணியில் சுற்றி ஓரமாகச் செருகினாள். ஐம்பத்தோராம் வருஷத்து வண்டி. ஹவானாவில் எல்லோருக்கும் அது 'கிளி'.

அவள் புருஷன் உல்பியானோவுக்குத்தான் சுருக்கென்றது. பழைய கார் சங்கத்தின் செயலாளர் அவர். ஹவானாவிலிருந்து சாந்தியாகோவுக்கு ஒன்பது வண்டிகள், இரண்டு நாள் ஓட்டம். கிளம்புமுன் ஒவ்வொரு டிக்கி மூடியிலும் முத்திரை போட்ட தாள் பட்டையை மரவள்ளி மாவுப் பசையால் ஒட்டுவது அவர் வேலை.

பானெட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் திறக்கலாம். தண்ணீர் ஊற்றியாக வேண்டுமே! டிக்கியைத் திறந்தால் மட்டும் வண்டி தோற்றது என்று கணக்கு. பட்டை கிழியாமல் வந்து சேரும் வண்டிக்கு நாலு புது டயர். ஒன்றுக்கு மேல் வந்தால் குலுக்கல்.

நாலு புது டயர்! கிளியின் டயர்களில் நூல் தெரிய ஆரம்பித்து ஆறு மாதமாகிறது. அந்த வண்டியில் ஆள் ஏற்றித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"போதும்டி கிழவி. நேத்துதானே நட்டு நட்டா கழட்டிப் பார்த்தே? இதெல்லாம் தேவைப்படுமா?"

"தேவைப்படாது."

"அப்புறம்?"

"அந்த சோப்பை எடு கிழவா."

துணி துவைக்கிற சோப்பு, பெட்ரோல் டாங்கு ஒழுகினால் அடைக்க. பழைய நைலான் காலுறை, பெல்ட் அறுந்தால் கட்ட. இதெல்லாம் கியூபாவில் வண்டி ஓட்டுகிற எல்லோரும் வைத்திருப்பதுதான். ஆனால் அடுத்து அவள் எடுத்த வாட்டர் பம்பைப் பார்த்து உல்பியானோ கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"இது நம்ம வண்டிக்குச் சேராதே!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வைக்கிறே?"

"இடம் இருக்குல்ல?"

பால்தொமேரோ விடவில்லை. "செயலாளரே, உங்க வீட்டம்மாவுக்கே கிளி மேல நம்பிக்கை இல்ல போலிருக்கு! என் வண்டி 'ராணி'யைப் பாருங்க. டிக்கி மூடி ஒரு மணி நேரமாச்சு. ராணி எங்கயாவது சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு ஊர்வலம் போவாளா?"

உல்பியானோவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அவ கை வெச்ச வண்டிய்யா அது! சாந்தியாகோ வரைக்கும் இந்தப் பட்டையில ஒரு கீறல் விழாது. விழுந்தா என் மீசையை எடுத்துடறேன்!"

சொல்லிவிட்டு, ஒன்பது பட்டைகளையும் ஒட்டி முடித்து, கிளியை நெரெய்தாவிடம் விட்டுவிட்டு, வந்து சேரும் வண்டிகளை வரவேற்க பஸ் பிடித்து முன்னாலேயே போய்விட்டார்.

இரண்டாம் நாள் மாலை சாந்தியாகோ சதுக்கத்தில் கூட்டம் அலைமோதியது. மேளம் முழங்க, ஹாரன் அடித்துக்கொண்டு முதலில் வந்தது பால்தொமேரோவின் வண்டி. உல்பியானோ குனிந்து பார்த்தார். பட்டை ஒட்டினபடியே இருந்தது.

அடுத்த வண்டியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். எட்டு வண்டி, எட்டுப் பட்டை.

கடைசியாகக் கிளி வந்தது. டிக்கி மூடியில் பசையின் தடம்தான் இருந்தது.

"பட்டை எங்கடி?"

"கிழிஞ்சுபோச்சு."

"வண்டிக்கு என்ன ஆச்சு?"

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலை." முழங்கை வரை கரியாக நின்றாள் நெரெய்தா. "பசிக்குது. திங்க ஏதாவது வெச்சிருக்கியா?"

"செயலாளரே, கத்திரிக்கோல் வேணுமா?" என்று கூட்டத்தில் ஒரு குரல். உல்பியானோ மீசையைக் கையால் மூடிக்கொண்டார். வாழ்க்கையில் முதல்தடவையாக அவருக்குப் பெண்டாட்டி மேல் வருத்தம் வந்தது. ஒண்ணும் ஆகாத வண்டியின் டிக்கியை எதற்குத் திறக்க வேண்டும்? நாலு டயர் போச்சே!

எட்டுப் பேர் பெயரையும் குலுக்கினார்கள். பால்தொமேரோ பெயர் வந்தது.

சங்கத் தலைவர் ஃபெர்மீன் மைக்கைப் பிடித்தார். "டிக்கியைத் திறக்காமலே வந்த வீரன்! அப்படி என்னதான் சாமான் எடுத்து வெச்சேன்னு ஜனங்க பார்க்கட்டும். திறய்யா!"

பால்தொமேரோ நகரவில்லை. தலைவரே போய்ப் பட்டையை உரித்து மூடியைத் தூக்கினார்.

உள்ளே ஒரு சாய்ந்தாடும் நாற்காலி படுத்திருந்தது. வேறொன்றும் இல்லை.

"மாமியாருக்கு..." என்று முணுமுணுத்தான் பால்தொமேரோ. கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

"ஸ்பேனர் எங்கேய்யா? ஜாக்கி எங்கே? ஒரு சோப்புக்கூட இல்லையே! நடுவழியில நின்னிருந்தா?"

"நின்னேன் தலைவரே. கமகுவே தாண்டினதும் வாட்டர் பம்பு போச்சு." அவன் மற்ற ஏழு பேரையும் பார்த்தான். ஏழு பேரும் செருப்பைப் பார்த்தார்கள். "நெரெய்தாக்கா கிளியில வெச்சிருந்த பம்பை எடுத்து மாட்டிவிட்டாங்க. முதல் நாளே அவங்க தன்னோட பட்டையைக் கிழிச்சுட்டாங்க. வேற ஒருத்தருக்குப் பெல்ட் அறுந்துபோச்சுன்னு. அதுக்கப்புறம் எங்களை யாரையும் டிக்கியில கை வைக்க விடலை. 'என்னுதுதான் கிழிஞ்சாச்சே, உங்களுது எதுக்குக் கிழியணும்?'னுட்டாங்க."

சதுக்கத்தில் மேளம் நின்றுவிட்டது. மீசையை மூடியிருந்த கையை மெதுவாக எடுத்தார் உல்பியானோ. இரண்டு பக்கமும் நன்றாக முறுக்கிவிட்டுக்கொண்டார்.

பால்தொமேரோ பரிசு டயர்களில் ஒன்றை நிமிர்த்தி உருட்ட ஆரம்பித்தான்.

"எங்க எட்டுப் பேர் சாமானும் கிளியோட டிக்கியிலதான் வந்துச்சு, தலைவரே. இந்த நாலு டயரையும் அதுலயே ஏத்துங்க."