தோளில் கறுக்காத இடம்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன் இல்லை நான். ஆனாலும் அந்த விளக்கு வைத்தியம் பேத்திக்குக் கேட்டது. தோல் செதில் செதிலாக உதிர்ந்து, ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டு கிடந்தவள் இப்போது அசந்து தூங்குகிறாள்.

ஆஸ்பத்திரியில் அலமாரி மாதிரி ஒரு கூண்டு. உள்ளே சுற்றிலும் குழல்விளக்கு. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அவள் மட்டும் நிற்க வேண்டும். இன்னொரு ஆளுக்கு அதில் இடமே கிடையாது.

போன வாரம் குளிப்பாட்டும்போது மருமகள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். வெளிச்சம் பட்டுப் பிள்ளையின் உடம்பு கறுத்திருந்தது. வலது தோளில் மட்டும், ஐந்து விரலோடு ஒரு கை அளவுக்குக் கறுக்கவில்லை. என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அந்த விரல்கள் என்னுடையதைவிட நீளம்.

இன்றைக்கு நர்ஸிடம் சொன்னேன்.

"வாலு, தன் கையையே வச்சு மறைச்சிருப்பா, பெரியவரே."

"அவ கை இவ்ளோ பெருசாம்மா?"

பேத்தி சிரித்தாள். "நீங்கதானே தாத்தா, பின்னாடி நின்னு பிடிச்சுக்கிறீங்க?"

"வேணாம், வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

"நடுவுல விட்டா மறுபடியும் செதில் வரும்" என்றாள் நர்ஸ். பிள்ளை தூங்கும் முகம் நினைவுக்கு வந்தது. கறுப்புக் கண்ணாடியை நானே மாட்டிவிட்டேன். நர்ஸ் அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, விளக்கைப் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "தாத்தா, வலிக்குது. கையை எடுங்க."

என் இரண்டு கையும் வெளியே, திறக்காத கதவை இழுத்துக்கொண்டிருந்தன.