ஒரு அடிகூட நடக்காத போன்

இரண்டு மணி நேரமாகியும் புது போன் ஒரு அடிகூட நடக்கவில்லை.

பரிசோதகர் முக்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக் குனிந்து பார்த்தார். தையல் மெஷினின் பெடலில் நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்த போன், மனைவியின் காலோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. திரையில் அடிக் கணக்கு மட்டும் அதே பூஜ்யம்.

"இன்னும் கொஞ்சம் வேகமா மிதி."

"இதுக்கு மேல மிதிச்சா மெஷின்தான் எழுந்து நடக்கும்" என்றாள் மனைவி.

அவர் நோட்டுப் புத்தகத்தில் 'மூன்றாவது சோதனை: தோல்வி' என்று எழுதி, கீழே கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டார். பல்பு கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் தரப் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு, வீட்டுக்குள் வரும் தக்காளிகூட அவரிடமிருந்து தப்பிப்பதில்லை.

நாலு மாதத்துக்கு முன்பு டாக்டர் அவருக்கு ஒரு நிபந்தனை போட்டார். தினமும் ஆறாயிரம் அடி நடக்க வேண்டும், இல்லையென்றால் சர்க்கரைக்கு ஊசிதான். தையல்காரியைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு, ஊசி என்ற வார்த்தையைக் கேட்டாலே வியர்த்துக் கொட்டும். நடப்பதென்றாலோ அதைவிட வேப்பங்காய்.

அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மத்தியானம் சாப்பிட்டதும் பழைய போனைப் பெடலில் கட்டிவிட்டு, உள்ளறையில் போய்ப் படுத்துவிடுவார். எழுந்து வந்து பார்த்தால் ஏழாயிரம், சில நாள் ஏழாயிரத்து ஐந்நூறு. கணக்கு தானாகவே டாக்டருக்கும் வெளியூரில் இருக்கும் மகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு நாள்கூடக் குறைந்ததில்லை.

பாவம், டாக்டர்தான் தலையைப் பிய்த்துக்கொண்டார். "இவ்வளவு நடந்தும் சர்க்கரை இறங்கலையே" என்று போன வாரம் பத்தாயிரமாக ஏற்றிவிட்டார். பரிசோதகரும் தாராள மனசோடு தலையாட்டிவிட்டு வந்தார்.

இந்த நேரம் பார்த்தா மகள் புது போன் அனுப்ப வேண்டும்? பிடிக்கவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் திருப்பிவிடலாம். இன்றுதான் கடைசி நாள். நாலு மணிக்கு அதை வாங்கிப்போகக் கூரியர்காரர் வந்துவிடுவார்.

மூன்றரைக்குப் பழைய போனில் மகள் வீடியோவில் வந்தாள். "என்னப்பா, புதுசையே வச்சுக்கிறீங்கதானே?"

"சரிப்படாதும்மா. சோப்பு மாதிரி வழுக்குது."

"உறை போட்டா வழுக்காது."

"படம் ரொம்பத் தெளிவா விழுது. என் மூஞ்சியைப் பார்க்க எனக்கே பயமா இருக்கு."

"அப்பா! பழசுல உங்க நெத்தி மட்டும்தான் தெரியுது. கண்ணாடி பாதி உடைஞ்சாச்சு, தொட்டா சுடுது, நாலு வார்த்தை பேசுறதுக்குள்ள சார்ஜ் இறங்கிடுது. அதை ஏன் கட்டிட்டு அழறீங்க?"

'கட்டிட்டு' என்றதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்துவிட்டதோ என்று மனைவியைப் பார்த்தார்.

"அம்மா, நீயாவது சொல்லேன். எதை வச்சுக்கலாம்?"

மனைவி பள்ளிச் சீருடைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தன்னுடைய சட்டை ஒன்றை மெஷினில் கொடுத்திருந்தாள். "இரும்மா, இதை ரெண்டு விரக்கடை பிடிச்சுக்கறேன். போன மாசம்தான் பிடிச்சேன், மறுபடியும் தொளதொளங்குது."

"துணி மட்டமா இருக்கும்" என்று தீர்ப்புச் சொன்ன பரிசோதகர், நெற்றி மட்டும்தான் தெரியும் என்ற தைரியத்தில் மனைவியைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். புது போன் வீட்டில் தங்கினால் நாளைக்கே பூஜ்யம், நாளன்றைக்கு ஊசி.

அவள் அந்தக் கும்பிட்ட கையைப் பார்த்தாள். "அப்பா இஷ்டம்மா" என்றாள். மகள் ஒரு பெருமூச்சோடு தொடர்பைத் துண்டித்தாள்.

வாசல் மணி அடித்தது. பரிசோதகர் நாடாவை அவிழ்த்து, போனைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, ஒட்டு நாடாவைச் சுற்றோ சுற்றென்று சுற்றிக் கூரியர்காரரிடம் நீட்டினார். வண்டி தெருமுனை திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

பிறகு பழைய போனை ஆசையாகப் பெடலில் கட்டினார். "இதுதான் சரக்கு! பத்தாயிரம் என்ன, இருபதாயிரம்கூட அசராம நடக்கும் பாரு."

"ஏங்க" என்றாள் மனைவி. "புதுசு பக்கத்துல ரெண்டு மணி நேரம் உக்காந்து பார்த்தீங்களே, பழசு பக்கத்துல ஒரு நாளாவது உக்காந்து பார்த்தீங்களா?"

"தேறின சரக்கை எவனாவது மறுபடி சோதிப்பானா?"

"முதல் நாளே அதுவும் பூஜ்யம்தான் காட்டுச்சு. நீங்க ஊசிக்குப் பயந்து நடுங்கினதைப் பார்த்தா எனக்குப் பாவமா இருந்துது. நீங்களோ குறட்டை விட்டுத் தூங்கிட்டிருந்தீங்க."

பரிசோதகர் மெல்ல முக்காலியில் உட்கார்ந்தார். "அப்போ... தினம் வந்த அந்த ஏழாயிரம்?"

அவள் போனை அவிழ்த்து அவர் சட்டைப் பையில் போட்டாள். அவருடைய செருப்பைக் கொண்டுவந்து காலடியில் வைத்தாள்.

"அதெல்லாம் நான் நடந்தது."